அப்பாவின் வலது தோள்: கையைப் பாதி தூக்கும்போது மட்டும் ஏன் வலிக்கிறது?

ஆயர் ஈத்தாம் பொண்ணு:
அப்பாவுக்கு 58 வயது. ஆயர் ஈத்தாமில் எங்கள் பசியாறக் கடையில் தண்ணி கலக்குவது அவர்தான். தே தாரிக் இழுக்கக் குவளையோடு வலது கை மேலே போகும். நெஞ்சு உயரத்தைத் தாண்டியதும் முகம் சுருங்கிவிடும். கை தலைக்கு மேலே போய்விட்டால் வலி இல்லை என்கிறார். இறக்கும்போது அதே இடத்தில் மறுபடியும் சுருக்கென்று பிடிக்கிறது. வலி தோள் மூட்டில்கூட இல்லை, புஜத்தின் வெளிப்பக்கத்தில். ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. ஒரு கிளினிக்கில் "ரொட்டேட்டர் கஃப், எலும்பு உரசுது, செதுக்கணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ரொட்டேட்டர் கஃப் என்பது எலும்பா, நரம்பா? யாராவது விளக்குங்களேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பிசியோ அக்கா:
தங்கச்சி, அது எலும்பும் இல்லை, நரம்பும் இல்லை. நான்கு தசைகள். தோள்பட்டை எலும்பிலிருந்து கிளம்பி, புஜ எலும்பின் உருண்டைத் தலையை முன், மேல், பின் என்று மூன்று பக்கமும் தசைநாண்களால், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார்களால், பிடித்திருக்கின்றன. மேலே சூப்ராஸ்பைனேட்டஸ், பின்னால் இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் டெரீஸ் மைனரும், முன்னால் சப்ஸ்கேப்புலாரிஸ்.

இவை ஏன் வேண்டும் என்றால், நம் தோளில் எலும்பின் பிடிமானம் மிகக் குறைவு. இடுப்பில் தொடை எலும்பின் தலை ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளில் அந்தக் குழி ஆழமே இல்லாதது. பள்ளி விளையாட்டுப் போட்டியில் கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஓடுவோமே, அப்படித்தான் புஜத்தின் தலை அதில் நிற்கிறது. கையை இத்தனை பக்கம் சுழற்ற முடிவதும் அதனால்தான். வெளியே தெரியும் பெரிய டெல்ட்டாய்டு தசை கையைத் தூக்கும்போது உருண்டையையும் சேர்த்து மேலே இழுக்கும். இந்த நான்கும் அதைக் குழியோடு அழுத்திப் பிடித்தால்தான் அது மேலே ஏறாமல் இருந்த இடத்திலேயே சுழலும்.

இப்போது அப்பாவின் வலிக்கு வருவோம். தோளின் உச்சியைத் தடவினால் தட்டையாக ஓர் எலும்பு தட்டுப்படும், அதுதான் அக்ரோமியன். அதற்கடியில் உள்ள குறுகிய இடைவெளியில் சூப்ராஸ்பைனேட்டஸின் தசைநாணும், பர்சா என்ற வழவழப்பான பையும் இருக்கின்றன. கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது சுமார் 60 முதல் 120 டிகிரி வரை அங்கே நெருக்கம் அதிகம். பழுதான தசைநாண் அந்த நேரத்தில்தான் நோகும். அதைத் தாண்டினால் வலி விட்டுவிடும். நீங்கள் சொல்வது அப்படியே பொருந்துகிறது. புஜத்தில் வலிப்பதும் வழக்கம்தான். தோளின் உள்வலியை மூளை புஜத்தின் வெளிப்பக்கத்தில் காட்டும். ஆகவே அங்கே எண்ணெய் போட்டு உருவிவிட்டால் கொஞ்ச நேரம் சுகமாக இருக்குமே தவிர, பழுது இருக்கும் இடத்துக்குக் கை எட்டாது.

செதுக்குவது பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. அவசரமே வேண்டாம். 2018-இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வில், அக்ரோமியனின் அடிப்பக்கத்தைச் செதுக்கியவர்களையும், உள்ளே கருவி விட்டுப் பார்த்துவிட்டுச் செதுக்காமல் விட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எலும்பு உரசுவதுதான் முழுக் காரணம் என்றால் அப்படி வருமா? முதலில் பயிற்சிதான்.

அப்பாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறதா? முழங்கையை விலாவோடு ஒட்டி மடித்து, முன்கையை நீங்கள் மெதுவாக வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். இடது கை அளவுக்குத் திரும்புகிறதா?

செந்தூல் பூப்பந்து:
பிள்ளைகளுக்குப் பூப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். அக்கா சொன்னதோடு முதுகுப் பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். கை முழுதாக 180 டிகிரி உயர்ந்தால், அதில் சுமார் 60 டிகிரி தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் சுழல்வதால் கிடைப்பது. அதைச் சுழற்றுவது டிரப்பீசியஸும், அக்குள் பக்கம் விலாவோடு ஒட்டியிருக்கும் செரேட்டஸ் ஆண்டீரியரும். ஸ்மாஷ் அடிக்கும்போது தோள் வலிக்கிறது என்று வரும் பிள்ளையை நான் முதலில் பின்னால் நின்றுதான் பார்ப்பேன். சட்டையைக் கழற்றி இரண்டு கையையும் தூக்கச் சொன்னால், ஒரு பக்க எலும்பு பின்தங்குவது சில சமயம் கண்ணுக்கே தெரியும்.

ஆயர் ஈத்தாம் பொண்ணு:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. இனிப்பு நீர் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். திருப்பிப் பார்த்தேன், இரண்டு கையும் ஒரே அளவு திரும்புகிறது. தானாகவே கையை முழுசும் தூக்குகிறார், வலியோடுதான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பிசியோ அக்கா:
நல்லது. இனிப்பு நீர் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம், அதனால்தான் கேட்டேன். இறுகியிருந்தால் அடுத்தவர் திருப்பினாலும் திரும்பாது. தானே தூக்க முடிவதால் தசைநாண் பெரிதாகக் கிழிந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் இதைத் திரையில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அரசாங்க கிளினிக்கில் காட்டி, பிசியோவுக்குக் கடிதம் கேளுங்கள். அதுவரை தே தாரிக்கை இடுப்பளவிலேயே ஆற்றச் சொல்லுங்கள், நுரை கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை. வலிக்குப் பயந்து கையை அசைக்காமல் மட்டும் வைக்க வேண்டாம். திடீரென்று தூக்கவே முடியாமல் போனால் அன்றைக்கே கூட்டிப்போங்கள்.