மறு: ரூட் அட்வர்டைஸ் பண்றதுக்குத் தமிழ்ல என்ன? (கையேட்டுக்கு அவசரம்)

வணக்கம். சுவிட்ச் செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது, ஒரு அத்தியாயம் பாக்கி. லேயர் 3 சுவிட்ச் (ரவுட்டர் வேலையும் செய்யற சுவிட்ச்) டைனமிக் ரவுட்டிங்ல (பெட்டிகளே ஒண்ணுக்கொண்ணு வழி சொல்லிக்கிறது) பக்கத்து ரவுட்டருக்கு எந்த ரூட்டைச் (ஒரு நெட்வொர்க்குக்குப் போற வழி) சொல்லணும், எதைச் சொல்லக்கூடாதுன்னு கட்டுப்படுத்துறது பத்தினது. பழைய வரைவுல "வழி விளம்பரக் கட்டுப்பாடு"ன்னு இருக்கு. பசங்க விளம்பரம்னா விற்பனைன்னுதான் படிப்பாங்க. வேற சொல் வேணும்.

———

> விளம்பரம்னா விற்பனை

விளம்புதல்னா சொல்லுதல், அதுல பிழையே இல்ல. ஆனா வழக்கு மாறிடுச்சு, சரி. அப்போ "தடச்சாற்று". தடம்னா ரூட். பறைசாற்றுதல்ல இருக்கிற அதே சாற்று. மணிமேகலை விழாவறை காதையில முரசை யானைப் பிடரியில ஏத்தி ஊருக்கே சேதி சொல்றாங்களே, இந்தப் பெட்டி செய்யறதும் அதுதானே? "அறை"யும் நல்ல சொல்தான், ஆனா ரூம்னு படிச்சிருவாங்க. சங்கத்தமிழ்ல சாறுன்னா விழா, அதுக்கும் சாற்றுக்கும் வேர் ஒண்ணான்னு தனியாவே ஒரு இழை போடலாம்.

———

ஐயா, அதை வகுப்புல வாயால சொல்லிப் பாருங்க. காற்று காத்து ஆகிறாப்ல சாற்று சாத்து ஆயிடும். "10.20.0.0/16-ஐச் சாத்து"ன்னா பையன் அந்த முகவரித் தொகுதிக்கான ரூட்டை மூடிடுவான், நேர் எதிர்ப்பொருள். தடுக்கிறதும் அறிவிக்கிறதும் இந்த வேலையில அவ்வளவு பக்கத்துல இருக்கு: 2008 பிப்ரவரியில பாகிஸ்தான் டெலிகாம் யூடியூபை உள்நாட்டுல தடுக்கப் போட்ட /24 ரூட் வெளிய கசிஞ்சு, மேல இருந்த நிறுவனமும் வடிகட்டாம விட்டு, யூடியூபோட /22-ஐ விடச் சின்ன, குறிப்பான முகவரித் தொகுதிங்கிறதால (ரவுட்டர் குறிப்பானதைத்தான் எடுக்கும்) உலக ட்ராஃபிக்கே அந்தப் பக்கம் திரும்பிடுச்சு.

இன்னொண்ணு, ஓஎஸ்பிஎஃப்ங்கிற ரவுட்டிங் நெறிமுறையில ஒரே ஏரியாவுக்குள்ள (நெட்வொர்க்கோட ஒரு பகுதி) எல்லா ரவுட்டருக்கும் ஒரே டேட்டாபேஸ், அங்க எதையும் மறைக்க முடியாது. ஏரியா எல்லையிலயோ ரீடிஸ்ட்ரிப்யூட் பண்ற (ஒரு நெறிமுறையோட ரூட்டை இன்னொண்ணுக்குக் கொடுக்கிற) இடத்துலயோதான் வடிகட்டலாம். ஏரியாவுக்குள்ள போறது தடம் இல்ல, லிங்க் நிலவரம் (எந்த இணைப்பு எப்படி இருக்குங்கிற சேதி). அதனால ரூட்டையே சொல்ற பிஜிபி, ரிப் நெறிமுறைகளைப் பத்திப் பேசறப்ப மட்டும் "தட அறிவிப்பு"ன்னு வைங்க. பிரிஃபிக்ஸ் லிஸ்ட்ல (எந்த ரூட்டை விடணும், எதைத் தடுக்கணும்ங்கிற பட்டியல்) அவுட்டுக்கு, அதாவது வெளிய சொல்றதுக்கு, "அறிவிப்பு வடிகட்டல்", இன்னுக்கு, அதாவது உள்ள வர்றதுக்கு, "ஏற்பு வடிகட்டல்"னு ஜோடியா வரும்.

———

புணர்ச்சிப்படி அது தடவறிவிப்பு.

———

சேத்து எழுதினா கண்ணு "தடவ"ன்னு பிரிச்சுரும் ஐயா. இடம் விட்டே எழுதுவோம். தட அறிவிப்புக்கு +1.

———

+1. நேரமும் இல்ல.

———

பெரும்பான்மை அதுன்னா போடுங்க, நான் ஒத்துக்கலைன்னு பதிவுல இருக்கட்டும். பிஜிபியிலயே நோட்டிஃபிகேஷன்னு ஒரு மெசேஜ் இருக்கு, பிழை வந்து இணைப்பை முறிக்கிறப்ப அனுப்புறது. அறிவிப்பை இங்க செலவழிச்சிட்டு அதுக்கு என்ன வைப்பீங்க? இந்தச் சிக்கல் சாற்றுல வராது.

———

அது அடுத்த அத்தியாயம் ஐயா. இப்போதைக்கு "நோட்டிஃபிகேஷன்"னே விட்டு அனுப்புறேன்.