மறு: டிராக்கருக்குத் தமிழில் என்ன? ‘தடமறிவி’க்கு என் ஆதரவு

எல்லோருக்கும் வணக்கம்.

இணையத்தில் நாம் எங்கெங்கே போகிறோம் என்பதை வேறொருவருக்குத் தெரியப்படுத்தும் ‘டிராக்கர்’களுக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்வி இங்கே வந்தது. சென்னை அண்ணன் ‘பின்தொடரி’ என்றார். கல்முனைத் தம்பி ‘உளவி’ என்றார். அக்கரைப்பற்று ஆசிரியர் ‘தடமறிவி’ என்று சொல்லிவிட்டு, இலக்கணம் இடிக்கிறதோ என்று தானே தயங்கினார். என் ஆதரவு ஆசிரியரின் சொல்லுக்குத்தான். இலக்கணமும் இடிக்கவில்லை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே முடிவாகும் சொல் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கத்து வகுப்புகளுக்கு நாங்கள் அச்சடிக்கும் கைந்நூலில் போகப்போகிறது. வீட்டுக் கணினியில் விளம்பரங்களைத் தடுப்பதும், நம்மைப் பற்றிய தகவல் நமக்குத் தெரியாமல் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வதும்தான் அதன் விடயம். அதை வாசிக்கப்போகிற பலருக்கு ஆங்கிலச் சொல் முன்பே தெரிந்திருக்காது. தமிழ்ச் சொல்லைக் கொண்டுதான் அவர்கள் பொருளையே பிடிப்பார்கள். சொல் பிசகினால் பொருளும் பிசகும்.

கொக்கட்டிச்சோலையில் ஒரு அம்மா கேட்டதைச் சொல்கிறேன். “தையல் மெசின் ஒண்டு விலை பாத்தன் மனே. மறுகா எங்க போனாலும் அதான் வந்து நிக்குது. நான் பாத்தது அவங்களுக்கு எப்படித் தெரியும்?” நாம் தேடும் சொல் இந்தக் கேள்விக்குப் பாதிப் பதிலையாவது தன்னிடம் வைத்திருக்க வேண்டும்.

நடப்பது இதுதான். அவர் திறந்தது ஒரு கடையின் பக்கம். அந்தப் பக்கத்துக்குள் கடைக்குச் சொந்தமில்லாத துண்டுகளும் இருக்கின்றன. விளம்பர நிறுவனம் ஒன்றின் நிரல் இருக்கும், சமூக வலைத்தளத்தின் பொத்தான் இருக்கும், சில வேளை ஒரே ஒரு படப்புள்ளி அளவில் கண்ணுக்குத் தெரியாத படம்கூட இருக்கும். பக்கத்தை முழுதாகக் காட்ட வேண்டுமென்றால் உலாவி (பிரவுசர்) இந்தத் துண்டுகளையும் அவற்றின் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும். கேட்கும்போதே, எந்தத் தளத்தில் இருந்து கேட்கிறது என்ற செய்தி பெரும்பாலும் கூடவே போய்விடுகிறது. அந்த நிறுவனம் முன்பு கணினியில் விட்டுவைத்த நினைவியும் (குக்கீ என்ற சின்னக் குறிப்பு) திரும்பிப் போகிறது. பிறகு அம்மா செய்தித் தளம் ஒன்றைத் திறக்கிறார். அங்கேயும் அதே நிறுவனத்தின் துண்டு இருக்கிறது. தையல் மெசின் பார்த்தவரும் செய்தி வாசிப்பவரும் ஒருவர்தான் என்று அந்த நிறுவனத்துக்குத் தெரிந்துவிடுகிறது. இந்தத் துண்டுகளைத்தான் டிராக்கர் என்கிறோம். நம்ப முடியாதவர்கள் விசைப்பலகையில் எஃப்12ஐ அழுத்தி, வலைப்பின்னல் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏதாவது ஒரு செய்தித் தளத்தை ஏற்றிப் பாருங்கள். முகவரிப் பட்டையில் இருப்பது ஒரே பெயர். கீழே ஓடும் வரிசையில் நீங்கள் கேள்வியே படாத பெயர்கள் வந்துகொண்டிருக்கும்.

இனிச் சொற்களுக்கு வருவோம்.

‘பின்தொடரி’ அழகான சொல், ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே வேறு ஆள் உட்கார்ந்துவிட்டார். சமூக வலைத்தளங்களில் ‘பின்தொடர்’ என்பது நாமே விரும்பி அழுத்தும் பொத்தான். பின்தொடர்பவர் கூடினால் பிள்ளைகளுக்குச் சந்தோசம். ‘பின்தொடரிகளைத் தடுங்கள்’ என்று கைந்நூலில் போட்டால், நண்பர்களை ஏன் தடுக்க வேண்டும் என்றுதான் கேட்பார்கள்.

‘உளவி’யில் எனக்கு இரண்டு தயக்கம். உளவு மென்பொருள் என்ற சொல் முன்பே வழக்கில் இருக்கிறது. அது கணினிக்குள் புகுந்து குடியிருப்பது. தேடிப்பிடித்து நீக்க வேண்டும். நாம் பேசுவது பக்கத்தோடு வந்து பக்கத்தோடு போவது. உலாவியில் தடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பெயர் வைத்தால், வைரஸ் நீக்கியை ஒருதரம் ஓட்டிவிட்டு ‘ஒன்றுமில்லை, துப்புரவாக இருக்கிறது’ என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். மற்றது, தம்பிக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: உளவு, புலனாய்வு என்ற சொற்கள் நம்முடைய பக்கத்து வீடுகளில் வேறு நினைவுகளைக் கிளப்பும். விளம்பர நிறுவனம் ஆதாயத்துக்காகச் செய்யும் வேலையை அந்தப் பயத்தோடு முடிச்சுப் போட்டால், கணினியையே தொடாமல் விடுகிறவர்கள் இருப்பார்கள்.

இடையில் வந்து போன ‘தடங்காணி’, ‘ஒற்றி’ இரண்டும் தமிழ்நாட்டில் எடுபடலாம். இங்கே காணி என்றால் நிலம். தடங்காணி என்று கேட்டவுடன் உறுதியும் எல்லைக்கல்லும்தான் ஞாபகத்துக்கு வரும். குறளில் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே இருப்பது உண்மைதான். ஆனால் வயலை ஒற்றிக்கு வைத்திருக்கிற ஊரில் ஒற்றி என்ற சொல்லுக்கு வேறு பொருள் தேட ஆள் கிடைக்காது.

ஆசிரியர் ஐயாவின் தயக்கம் இது: அறிவது என்றால் தன்வினை, அறிவிப்பது என்றால் பிறவினை. தடத்தை அறிகிற ஒன்றை ‘அறிவி’ என்று எப்படிச் சொல்லலாம்? ஐயா, அந்தப் பிறவினைதான் இந்தச் சொல்லின் பலம். பக்கத்துக்குள் இருக்கும் அந்தத் துண்டு தானாக எதையும் அறிந்து வைத்துக்கொள்வதில்லை. நாம் போன தடத்தை எங்கேயோ இருக்கும் இன்னொருவருக்கு அறிவிக்கிறது, அதுதான் அதற்கு வேலை. அறிகிறவர் அங்கே இருக்கிறார், அறிவிப்பது இங்கே இருக்கிறது. நமது அம்மாவின் ‘அவங்களுக்கு எப்படித் தெரியும்’ என்ற கேள்விக்கு இதைவிடக் கிட்டப் போகும் சொல் எனக்குத் தெரியவில்லை. ‘அறிவி’ என்று தனியே கேட்டால் ஏவல் மாதிரி ஒலிக்கும், சரி. ‘இந்தப் பக்கத்தில் தடமறிவிகள் நிறைய’ என்று ஒருமுறை பேச்சில் வந்தால் அந்த மயக்கம் போய்விடும். திசைகாட்டியை யாரும் ஏவலாகக் கேட்பதில்லையே.

இந்தச் சொல்லோடு கூட வரும் சிலவற்றையும் இப்போதே பேசி வைத்தால் நல்லது.

குக்கீக்கு ‘நினைவி’ நிலைத்துவிட்டது, அதை மாற்ற வேண்டாம். 1994இல் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் லூ மொன்டுல்லி அதை உருவாக்கியதே, ஒரு தளம் தன்னிடம் முன்பு வந்தவரை ஞாபகம் வைத்திருப்பதற்குத்தான். அது இல்லையென்றால் பக்கத்துக்குப் பக்கம் கடவுச்சொல் கேட்கும். பிரச்சினை, நாம் போகாத தளம் ஒன்று வைக்கும் நினைவியில்தான். அதை ‘மூன்றாம் தரப்பு நினைவி’ என்று எழுதி வருகிறோம். மூன்றாம் தரப்பு என்றதும் எங்களுடைய ஆட்களுக்கு மோட்டார் சைக்கிள் காப்புறுதிதான் ஞாபகம் வரும். ‘பிறதள நினைவி’ என்று வைத்தால் விளக்கமே தேவைப்படாது. சஃபாரி 2020இல் பிறதள நினைவிகளை முழுதாக மறித்தது. பயர்பொக்ஸ் 2022இல் இருந்து ஒவ்வொரு தளத்தின் நினைவிகளையும் தனித்தனியே பூட்டி வைக்கிறது. குரோம் இவற்றை நிறுத்தப்போவதாக 2020இல் அறிவித்துவிட்டு, 2024இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. வீட்டுக் கணினியில் எந்த உலாவியைப் போடலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் பயர்பொக்ஸ் என்று சொல்வது இதனால்தான்.

‘விளம்பரத் தடுப்பான்’ இருக்கட்டும், ஆனால் அது மட்டும் போதாது. நாம் எல்லோருக்கும் போடச் சொல்லும், உலாவியோடு சேர்க்கும் நீட்சியான யூபுளொக் ஒரிஜினை எழுதிய ரேமண்ட் ஹில், அதை வெறும் விளம்பரத் தடுப்பானாகச் சொல்வதில்லை. அதற்குள் முதலிலேயே சேர்ந்து வரும் தடுப்புப் பட்டியல்களில் ஈசிலிஸ்ட் விளம்பரத்துக்கு, ஈசிபிரைவசி தடமறிவிகளுக்கு. ஆக, கைந்நூலில் ‘விளம்பரத் தடுப்பு’, ‘தடமறிவித் தடுப்பு’ என்று இரண்டாகவே எழுதுவோம். விளம்பரம் கண்ணுக்குத் தெரிவதால் அதைத் தடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். குரோம் தன் நீட்சிகளுக்கான விதிகளை மாற்றியதால் முழு யூபுளொக் ஒரிஜின் அதில் இப்போது ஓடுவதில்லை, குறைக்கப்பட்ட லைட் பதிப்புத்தான் கிடைக்கும் என்பதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும். வங்கிப் பக்கம் ஏதாவது திறக்க மறுத்தால், அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை நிறுத்தலாம் என்பதையும் எழுதாமல் விட்டால், முதல் தடங்கலிலேயே எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள்.

அப்புறம் ‘கைரேகை எடுத்தல்’. உலாவியின் பதிப்பு, திரையின் அளவு, நேர வலயம், கணினியில் உள்ள எழுத்துருக்கள் என்று பலவற்றைச் சேர்த்துப் பார்த்து, நினைவி இல்லாமலே ஆளை மட்டுக்கட்டும் முறைக்கு இந்தப் பெயர் பொருந்தவில்லை. கைரேகை ஒன்றே ஆளைக் காட்டிவிடும். இங்கே எந்த ஒன்றும் தனியே காட்டாது, சேர்ந்தால்தான் காட்டும். நம்மிடம் ‘அங்க அடையாளம்’ என்று அருமையான சொல் இருக்கிறது. காணாமல்போனவரைப் பற்றிய அறிவித்தலில் உயரம், நிறம், நெற்றித் தழும்பு என்று வரிசையாகப் போடுவோமே, அதே முறைதான் இது. எனவே ‘உலாவியின் அங்க அடையாளம்’ என்றே எழுதலாம். இதில் தமிழ் தட்டச்சுச் செய்கிறவர்களுக்கு ஒரு விசேசம் உண்டு. பாமினியும் அது போன்ற பழைய எழுத்துருக்களும் நிறையப் போட்டு வைத்திருக்கும் கணினி, உலகக் கூட்டத்தில் தனியாகத் தெரியும் கணினி. சஃபாரி 2018இல் இருந்து கணினியோடு வந்த எழுத்துருக்களை மட்டுமே பக்கங்களுக்குக் காட்டுகிறது. மற்ற உலாவிகளில் இருப்பவர்கள், யூனிகோட்டுக்கு மாறிய பிறகும் தேவையில்லாமல் கிடக்கும் எழுத்துருக்களை எடுத்துவிடுவது நல்லது.

குரோமில் ‘இன்கொக்னிட்டோ’ என்று வரும் ‘மறைநிலை’யைப் பற்றி நான் கடுமையாகவே சொல்வேன். அந்தச் சொல் ஆட்களை ஏமாற்றுகிறது. அந்தச் சாளரத்தில் மறைவது, அதே கணினியைப் பயன்படுத்தும் வீட்டாருக்கு மட்டும்தான். போகிற தளத்துக்கும் இணைய இணைப்புத் தருபவருக்கும் ஒன்றும் மறைவதில்லை. இதைப் பற்றி அமெரிக்காவில் 2020இல் கூகுள் மீது வழக்குப் போட்டார்கள். 2024இல் அப்படிச் சேர்த்த பதிவுகளை அழிக்கக் கூகுள் ஒப்புக்கொண்டது. மறைநிலை செய்வது, நாம் பார்த்த பக்கங்களின் வரலாற்றைக் கணினியில் பதியாமல் விடுவது. ‘பதியா உலாவல்’ என்று நேரே சொல்லிவிடலாம்.

இலங்கைக்கு ஒன்று, தமிழ்நாட்டுக்கு ஒன்று என்று இரண்டு சொல் வைத்துக்கொள்வோமா என்று அண்ணன் கேட்டிருந்தார். வேண்டாம் அண்ணன். 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் எங்களுடைய காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். இரு கரையும் ஒன்றாக இருந்து செய்த வேலை அது. தடமறிவி உங்களுடைய பக்கத்துக் காதுக்கு எங்காவது உறுத்தினால் இப்போதே சொல்லுங்கள், இங்கேயே பேசித் தீர்ப்போம்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. தளத்தைத் திறந்ததும் பாதித் திரையை மறைத்துக்கொண்டு ‘எல்லாவற்றையும் ஏற்கிறேன்’ என்று பெரிய பொத்தானோடு வருகிறதே, அதற்கு ‘ஒப்புதல் பட்டை’ என்று வைத்திருக்கிறேன். ஆனால் மறுப்பதற்கான பொத்தானைச் சின்னதாக ஒளித்து வைத்துவிட்டுக் கேட்பதை ஒப்புதல் என்று எழுத மனம் வரவில்லை. ‘இசைவு கேட்பி’ என்று ஒரு யோசனை இருக்கிறது, அதிலும் எனக்குத் திருப்தி இல்லை. கைந்நூல் அச்சுக்குப் போவதற்கு முன், முக்கியமாக வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்கள், உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள்.