குறிப்பு எடுக்கிறார்கள், பத்தி எழுத வரவில்லை: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

பாலக்கோடு டீச்சர்

மாலை வகுப்பில் நடந்தது, இன்னும் மனதில் உறுத்துகிறது. சுப்பிரமணிய சிவா பற்றி ஒரு பக்கக் கட்டுரை படிக்கக் கொடுத்தேன். பாப்பாரப்பட்டி எங்களுக்குப் பக்கம்தான், பிள்ளைகள் நினைவிடத்தைப் பார்த்தவர்கள், சுலபமாக வரும் என்றுதான் அதை எடுத்தேன். முறை உங்களுக்கெல்லாம் தெரிந்ததே. ஒரு வாக்கியத்துக்கு மூன்று சொல்லுக்கு மேல் குறிப்பில் கூடாது. அப்புறம் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, குறிப்பை மட்டும் பார்த்துப் பத்தி.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் குறிப்பைக் கச்சிதமாக எடுத்திருந்தான். "வத்தலக்குண்டு 1884. சிறை, தொழுநோய். ரயில், தடை. நடை, ஊர் ஊராக. பாப்பாரப்பட்டி 1925." பத்தி என்று கொண்டு வந்தது இது: "சிவா வத்தலக்குண்டில் 1884இல் பிறந்தார். சிறையில் தொழுநோய் வந்தது. ரயிலுக்குத் தடை. அவர் நடந்தார். பாப்பாரப்பட்டியில் 1925இல் இறந்தார்."

"ஏன்டா நடந்தாரு?" என்றேன்.

"அப்ப ரயில் ஸ்ட்ரைக்கா மிஸ்?"

நோயாளி என்று சொல்லி ரயிலில் ஏற விடாமல் வெள்ளைக்கார அரசு தடுத்தது, அவர் நடந்தே ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அந்த இடத்தைச் சத்தமாகப் படிக்கும்போது இதே பையனின் குரல் கம்மியதை நான் கேட்டேன். புரிந்துதான் படித்தான். குறிப்புக்குப் போய் வருவதற்குள் அது எங்கே போனது?

ஓசூர் அப்பா

டீச்சர், எங்கள் வீட்டிலும் இதே கதைதான், கொஞ்சம் வேறு மாதிரி. வீட்டில் தெலுங்கு பேசுவோம், மகள் தமிழ் மீடியத்தில் ஐந்தாம் வகுப்பு. கிருஷ்ணகிரி மாம்பழம் பற்றிப் படித்துக் குறிப்பு எடுத்துவிட்டாள். "பெங்களூரா, கிளிமூக்கு. நார் இல்லை. கூழ், ஃபேக்டரி. ஏற்றுமதி." அதற்கப்புறம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான்.

பக்கத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த பாட்டி, என்ன அது சொல்லு என்று தெலுங்கில் கேட்டாள். இவளும் குறிப்பைப் பார்த்துப் பார்த்துத் தெலுங்கிலேயே சொன்னாள். பாட்டி சும்மா கேட்கிற ஆள் இல்லை. "மல்கோவா இருக்க, எதுக்கு அதைப் போய்க் கூழ் போடறாங்க?" என்று மடக்கினாள். நார் இல்லை, சதை நிறைய வரும் பாட்டி, அதனால்தான் என்றாள் இவள். பிறகு தமிழில் எழுதினாள் பாருங்கள், பாட்டிக்குச் சொன்ன பதில் பத்தியின் நடுவில் அப்படியே இருந்தது.

நானும் அவளைப் பாராட்டினேன். அவள் சந்தோஷப்படவில்லை. "பரீட்சை ஹாலுக்குப் பாட்டி வருமாப்பா?" என்றாள். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காவேரிப்பட்டினம்

பாலக்கோடு டீச்சர் அவர்களே, உங்கள் மூன்று சொல் கட்டுப்பாடுதான் கோளாறு. நான் ஒரு மாணவியைப் பார்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்புக் கட்டுரை, குறிப்புச் சட்டகம் வினாத்தாளிலேயே கொடுத்திருந்தார்கள். குறிப்பு ஒவ்வொன்றையும் துணைத் தலைப்பாக எழுதி, அடிக்கோடும் போட்டு, எல்லாத் தலைப்பின் கீழும் ஒரே வாக்கியத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி எழுதியிருந்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. எனக்குத்தான் மதிப்பெண் போடக் கை வரவில்லை.

நான் சொல்ல வருவது என்னவென்றால், அடுத்தவர் கொடுத்த குறிப்பும் பிள்ளை தானே எடுத்த குறிப்பும் ஒன்றல்ல. சட்டகத்தில் வருவது தலைப்பு, அதற்குள் சரக்கைப் பிள்ளைதான் போட வேண்டும். சொந்தக் குறிப்பில் சரக்கு இருக்கும், அதைக் கோக்கிற நூல்தான் இருக்காது. அதனால் குறிப்பு எடுக்கும்போதே ஓரத்தில் ஓர் அம்புக்குறி போடப் பழக்குங்கள். இதனால் அது என்றால் ஓர் அம்பு, இதற்கு மாறாக அது என்றால் குறுக்குக் கோடு போட்ட அம்பு. அந்தப் பையன் தடைக்கும் நடைக்கும் நடுவில் ஓர் அம்பு போட்டிருந்தால் ஸ்ட்ரைக் என்று சொல்லியிருக்க மாட்டான்.

அடுத்தது, எடுத்த குறிப்பு எல்லாவற்றையும் பத்திக்குள் திணிக்கக் கூடாது. இந்தப் பத்தி எதைப் பற்றி என்று முதலில் வாயால் ஒரு வரி சொல்லச் சொல்லுங்கள். அந்த வரிக்குச் சேராத குறிப்பை அடிக்கச் சொல்லுங்கள். அடிக்கவே மாட்டார்கள், எடுத்ததாயிற்றே என்று மனசு வராது. சிவாவின் நடைப்பயணம்தான் பத்தி என்றால் வத்தலக்குண்டு அங்கே எதற்கு? அதை வேறு பத்திக்கு வைத்துக்கொள்ளட்டும். அப்புறம் வாக்கியத்துக்கு வாக்கியம் "சிவா, சிவா" என்று பெயரையே எழுதாமல் அவர், அங்கே, அந்த ஆண்டு என்று மாற்றுவதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதட்டும், இடையில் சேர்க்க இடம் வேண்டும். முதல் தடவை எழுதியதைச் சிவப்பு மையால் திருத்தாதீர்கள். தலைமையாசிரியர் நோட்டு பார்க்க வருகிறார் என்பதற்காகத் திருத்துகிறவர்களை எனக்குத் தெரியும்.

ஓசூர் அப்பாவுக்கு: வீட்டில் பேசுவது நல்லதுதான், தேர்வு வேறு. அங்கே கடிகாரம் ஓடும்.

பென்னாகரம் தன்னார்வலர்

ஐயா, அம்புக்குறி யோசனை நன்றாக இருக்கிறது, நாளையே செய்து பார்க்கிறேன். ஆனால் வீட்டில் பேசுவது வேறு, தேர்வு வேறு என்று நீங்கள் ஒதுக்கியதை ஏற்க முடியவில்லை. சிவப்பு மை என்றதும் எனக்கு ஞாபகம் வந்ததைச் சொல்கிறேன்.

கொரோனாவுக்குப் பிறகு 2021இல் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசின் மாலை வகுப்புத் திட்டம் தொடங்கியபோது நானும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். ஒகேனக்கல் பக்கம் எங்கள் ஊர். பரிசல் பற்றி ஒரு பத்தி கொடுத்தோம். மூங்கிலில் பின்னுவது, முன்பெல்லாம் தோல் போர்த்தியது, இப்போது பிளாஸ்டிக் ஷீட் போட்டுத் தார் பூசுவது, அவ்வளவுதான் அதில் இருந்தது. பரிசல் ஓட்டுகிறவரின் மகன் ஒருவன். நாலு வார்த்தைகூட அவன் குறிப்பில் இல்லை, ஆனால் பக்கம் நிறைய எழுதினான். காவிரியில் தண்ணீர் ஏறினால் பரிசல் ஓட்டத் தடை போடுவார்கள், தடை எடுக்கும்வரை அப்பா வேறு வேலைக்குப் போவார், பரிசலைக் கரையில் கவிழ்த்து வைத்திருப்பார்கள், அதற்குக் கீழே நாய் படுத்திருக்கும் என்றெல்லாம். எழுத்துப் பிழை ஏராளம். எனக்கு அந்த நோட்டைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

பார்வையிட வந்த ஒருவர் அதை வாங்கிப் படித்தார். தடையிலிருந்து நாய் வரைக்கும் ஒரே கோடு. பக்கத்தில் "பாடத்தில் இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பையன் கரும்பலகையில் இருப்பதைக் கரும்பலகையில் இருக்கிறபடியே எழுதித் தருகிறான், பிழையே இல்லாமல்.

படித்ததை மட்டும்தான் எழுத வேண்டும் என்கிற பயிற்சியும் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அதை இன்னொரு நாள் சொல்லிக் கொடுத்திருக்கலாமே.

அரூர் அம்மா

நீங்கள் எல்லோரும் பத்தி வரைக்கும் போய்விட்டீர்கள். என் மகன் குறிப்பிலேயே நிற்கிறான். முக்கியமானதற்கு மட்டும் கோடு போடு என்று மஞ்சள் பேனா வாங்கிக் கொடுத்தேன். அதியமான் ஒளவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த பாடம். பக்கம் முழுக்க மஞ்சள். எதையாவது விடக்கூடாதா என்றால், "விட்டிருக்கேனே" என்று காட்டுகிறான். பக்க எண்ணை விட்டிருக்கிறான்.

அம்பு எல்லாம் அவனுக்கு இப்போது வேண்டாம் ஐயா. எதை விடுவது என்று எப்படிச் சொல்லிக் கொடுப்பது, அதைச் சொல்லுங்கள்.

பாலக்கோடு டீச்சர்

அரூர் அம்மா, அந்தப் பாடத்தை அவனை ஒரு தடவை படிக்க வையுங்கள். புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டு, கதை தெரியாத ஒரு சின்னப் பிள்ளையிடம் சொல்லச் சொல்லுங்கள். வாயில் வந்தது எதுவோ அதுதான் குறிப்பு. அதைச் சொல்லி முடித்த பிறகு எழுதிக்கொள்ளட்டும். மஞ்சள் பேனா அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

காவேரிப்பட்டினம் ஐயா, அம்புக்குறியை இன்றைக்கே அந்தப் பையனிடம் காட்டினேன். எல்லாக் குறிப்புக்கும் நடுவில் அம்பு போட்டு வைத்திருக்கிறான், வத்தலக்குண்டிலிருந்து சிறைக்கு ஒன்று. அங்கே பிறந்ததால்தான் ஜெயிலுக்குப் போனாரா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, அதை மட்டும் ரப்பர் வைத்து அழித்தான். ரயிலுக்கும் நடைக்கும் நடுவில் இருந்ததை அழிக்கவில்லை. பத்தியை நாளைக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன்.