கடல் கதைக்கு அகராதி எதற்கு?

வாடைக்காற்று, பாம்பன்:
மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எல்லாம் கரையில். எனக்கு அதுதான் வாசிப்புக் காலம். இந்த வாரம் வாங்கிய சிறுகதைத் தொகுப்பில் கடைசி எட்டுப் பக்கம் சொல் அகராதி. வல்லம் என்றால் படகாம், வத்தை என்றாலும் படகாம். அப்புறம் எதற்கு இரண்டு சொல்? கதை படிக்கிறோமா, பரீட்சைக்குப் படிக்கிறோமா? வாசகனைத் தண்ணிக்குள்ளே தள்ளிவிடுங்கள், நீந்திக்கொள்வான்.

பரமக்குடி வாசகன்:
அண்ணே, உங்களுக்கு வாசலில் கடல். நாங்களும் ராமநாதபுரம் மாவட்டம்தான், ஆனால் பார்த்த தண்ணி வைகை, அதுவும் வந்தால்தான். ஒரு கதையில் பெண்கடலில் வலை போட்டதாக வந்தது. ஆசிரியர் கவித்துவமாக எழுதுகிறார் என்று அடிக்கோடு போட்டு நாலு பேருக்கு அனுப்பியும் விட்டேன். ஒரு வருஷம் கழித்து மண்டபம் டீக்கடையில் ஒரு பெரியவர் சிரிக்கிறார்: வடக்கே பாக் நீரிணைப் பக்கம் அலை அடங்கிக் கிடப்பது பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல், ஊரே அப்படித்தான் சொல்லும் என்று. அகராதியில் ஒரு வரி இருந்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

வாடைக்காற்று:
மானம் போனதால்தானே தம்பி இன்றைக்கும் மறக்கவில்லை!

பரமக்குடி வாசகன்:
ஒவ்வொரு சொல்லுக்கும் மண்டபம் வர பஸ் காசு யார் தருவது? எழுத்தாளர் கி. ராஜநாராயணனே 1982இல் கரிசல் வட்டாரத்துக்கு அகராதி போட்டார். கொங்குக்குப் பெருமாள்முருகன் போட்டார். அதனால் அவர்கள் கதையில் ருசி குறைந்தா போச்சு?

வாடைக்காற்று:
அவை தனிப் புத்தகங்கள். கதையின் வாலில் கட்டிய தகரடப்பா இல்லை.

கீழக்கரை லாத்தா:
எங்கள் வீட்டுப் பேச்சு கதையில் வந்தால் அடிக்குறிப்பு எப்படி வரும் தெரியுமா? 'வாப்பா: அப்பா.' எங்கள் வீட்டில் அப்பா என்றால் தாத்தா! கதையில் வருகிற 'அப்பா'வுக்கு யாராவது எனக்குக் குறிப்பு போட்டார்களா? சின்ன வயதில் கதைகளில் தாத்தா ஏன் இப்படி ஆபீசுக்கு ஓடுகிறார் என்று குழம்பியிருக்கிறேன். யாருக்கு விளங்காது என்பதை முடிவு செய்கிறவர் யார் என்பதுதான் என் கேள்வி.

பரமக்குடி வாசகன்:
லாத்தா, நியாயம். ஆனால் அப்பா என்றால் தாத்தா என்பதையும் இப்போது நீங்கள் சொல்லித்தானே எனக்குத் தெரிகிறது? அது அகராதி இல்லாமல் என்ன?

கீழக்கரை லாத்தா:
அது பேச்சு, தம்பி.

வாடைக்காற்று:
லாத்தா சொன்னதுதான். சரி தம்பி, அந்தத் தொகுப்பு உங்களுக்குத் தபாலில் வருகிறது, கடைசி எட்டுப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான்.

பரமக்குடி வாசகன்:
கிழித்ததைத் தனி உறையில் போட்டு அனுப்புங்க அண்ணே.