புதுப்பிப்பு: மொட்டை மாடிக்குக் கீழ் அறை, ஏசி 1 டன்னா 1.5 டன்னா?

ஏப்ரல்ல கேட்டிருந்தேன்: சென்னையில 10க்கு 12 அடி படுக்கையறை, மேல மொட்டை மாடி, மேற்குப் பக்கம் முழுக்க வெயில். 120 சதுர அடிக்கு 1 டன் போதும்னு கடையில சொன்னாங்க. இங்கே பலர் 1.5 டன் வாங்கச் சொன்னீங்க.

1.5 டன் இன்வெர்ட்டர் ஏசிதான் (தேவைக்கேத்த மாதிரி கம்ப்ரஸர் வேகத்தைக் கூட்டிக் குறைச்சுக்கிற வகை) வாங்கினேன். வாங்குறதுக்கு முந்தின ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கைத் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல்லை இறக்கிக் கொஞ்ச நேரம் ஆன சூடு. அப்பவே முடிவு பண்ணிட்டேன். சதுர அடிக் கணக்குல இந்தச் சூடு வராது; பகல்ல கான்கிரீட் குடிச்ச வெயில் ராத்திரி முழுக்க அறைக்குள்ளதான் இறங்குது.

ஒரு டன்னுன்னா மணிக்கு 12,000 பிடியூ (வெப்பத்தை அளக்குற அலகு) வெப்பத்தை வெளியேத்துற திறன், மெஷினோட எடை இல்ல. அம்மாவுக்கு இதைப் புரிய வைக்கவே ஒரு நாள் ஆச்சு.

அதுக்காகப் பெருசா வாங்கினா நல்லதுன்னு எடுத்துக்காதீங்க. கீழ் வீட்ல இதே அளவு அறை, வெயிலே படாது. இன்வெர்ட்டர் இல்லாத பழைய 1.5 டன் ஏசி. சட்டுனு குளிர்ந்து கம்ப்ரஸர் நின்னுடும், ஈரப்பதம் மட்டும் அப்படியே இருக்கும். தலையணை பிசுபிசுன்னு இருக்குங்கிறாங்க. அவங்களுக்கு 1 டன்னே சரி.

மாடியில வெள்ளை கூலிங் பெயிண்டும் அடிச்சாச்சு. இப்ப 26ல வெச்சு, ஃபேனை மெதுவா ஓடவிட்டா நிம்மதியா தூக்கம் வருது. வழி சொன்ன எல்லாருக்கும் மனசார நன்றி.