ரேப்சீட் புண்ணாக்கை நொதிக்க வைப்பதா, அப்படியே கொட்டுவதா?

லயத்து ஆட்டுக்காரன்:
வணக்கம். நான் மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம். பழைய தோட்டத்து லயத்துக்குப் பின்னால் 26 ஆடு, 3 கறவை மாடு வைத்திருக்கிறேன். இத்தனை நாளாகப் புல்லும் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கும்தான், அதாவது நாம் சொல்லும் பி.கே.சி. சோயா வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. போன வாரம் கிள்ளானில் ஒரு கடைத் தவுக்கே, சோயாவை விட மலிவு என்று ரேப்சீட் புண்ணாக்கு இரண்டு மூட்டை ஏற்றிவிட்டார். கடுகு ஜாதி, அப்படியே போட்டால் மாட்டுக்குக் கழுத்து வீங்கும் என்கிறார் பக்கத்து லயத்துப் பெரியவர். வீடியோவில் ஒருத்தர் தண்ணீரும் வெல்லப்பாகும் விட்டு டிரம்மில் மூடி நொதிக்க வைத்தால் புரதம் ஏறும் என்கிறார். வேகவைக்கவா, நொதிக்க வைக்கவா, அப்படியே போடவா?

மில்லுக்காரன்:
தம்பி, ஒரு வேலையும் செய்யாதே. தீவன மில்லில் 14 வருடம் வேலை பார்த்தவன் சொல்கிறேன். கெட்ட பெயரெல்லாம் அந்தக் காலத்து விதையால் வந்தது. அதில் குளுக்கோசினோலேட் என்று ஒன்று உண்டு, கடுகின் காரத்துக்கு மூலமே அதுதான். அது தானாக இருக்கும்வரை பெரிய தொந்தரவில்லை. அதே விதைக்குள் மைரோசினேஸ் என்ற என்சைம் தனி அறையில் குடியிருக்கிறது. விதை நசுங்கி ஈரமும் பட்டால் இரண்டும் சந்தித்து, தைராய்டைக் கெடுக்கும் பொருள்கள் உண்டாகும். அதனால்தான் ஆலையில் எண்ணெய் எடுப்பதற்கு முன்பே விதையை 80, 90 டிகிரிக்குச் சட்டென்று ஏற்றி அந்த என்சைமைக் கொன்றுவிடுகிறார்கள். பிறகு எண்ணெயைக் கரைக்கும் ஹெக்சேன் விட்டு எண்ணெய் எடுத்து, அந்த ஹெக்சேனை விரட்ட நீராவியில் 100 டிகிரி பக்கம் இன்னொரு முறை வாட்டுவார்கள்.

இது போதாதென்று கனடாக்காரர்கள் விதையையே மாற்றிவிட்டார்கள். மானிடோபாவில் 1974இல் வந்த டவர் ரகம்தான் ஆரம்பம். அப்படி மாற்றிய விதைக்குத்தான் கனோலா என்று பெயர்; அந்தப் பெயரைப் போட வேண்டுமானால் புண்ணாக்கில் குளுக்கோசினோலேட் கிராமுக்கு 30 மைக்ரோமோலுக்குக் கீழே இருக்க வேண்டும், இப்போது வருவது பெரும்பாலும் 10ஐக்கூடத் தொடாது. பழைய ரகத்தில் 100க்கு மேலே போகும். ஆக உன் மூட்டையில் இருப்பது வெந்த சோறு. அதை மறுபடி அடுப்பில் ஏற்றினால் புரதத்தில் உள்ள லைசின் என்ற சத்து சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு புண்ணாக்கு பழுப்பாகிவிடும். லேப் ரிப்போர்ட்டில் புரதம் அப்படியே இருக்கும், மாட்டுக்குத்தான் கிடைக்காது.

செம்பனைத் தம்பி:
அண்ணே, வேகவைப்பது வேறு, நொதிக்க வைப்பது வேறு, இரண்டையும் ஒரே கூடையில் போடாதீர்கள். என்சைமைக் கொன்றால் கதை முடிந்தது என்பதும் பாதி உண்மைதான். குளுக்கோசினோலேட் புண்ணாக்கில் தங்கிவிட்டால் குடலில் இருக்கும் கிருமிகளே அதை உடைக்கும். அப்புறம் தோல். விதையே இரண்டு மில்லிமீட்டர் இருக்காது, அதன் தோல் முழுக்கப் புண்ணாக்கில்தான் வந்து சேர்கிறது. அதனால்தான் சோயா 44, 48 சதவீதம் புரதம் காட்டும்போது இது 36, 38இல் நிற்கிறது, நார் மட்டும் அதிகம். ஆஸ்பர்ஜில்லஸ் நைகர் என்ற பூஞ்சை, பேசில்லஸ் சப்டிலிஸ், லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாக்கள் எல்லாம் வைத்து நொதிக்க வைத்தால் குளுக்கோசினோலேட்டும் குறையும், பாஸ்பரஸைப் பூட்டி வைக்கும் பைட்டேட்டும் குறையும், புரதச் சதவீதமும் ஏறும். நான் பி.கே.சி.யில் செய்து பார்த்தவன், ஆடு தொட்டியை நக்கியே காலி செய்தது.

மில்லுக்காரன்:
ஆடு நக்கியது வெல்லப்பாகுக்காக 😄

சதவீதம் ஏறும் என்றாயே, எப்படி ஏறுகிறது என்று யோசித்தாயா? கிருமி மாவுச்சத்தையும் சர்க்கரையையும் தின்று காற்றாக விட்டுவிடுகிறது. 100 கிலோ உள்ளே போனால், ஈரத்தைக் கழித்துப் பார்க்கும்போது 90 கிலோவே வெளியே வருகிறது என்று வை. இருந்த புரதம் அப்படியே இருந்தாலும் சதவீதம் கூடித்தான் காட்டும். அதுவும் யூரியா சேர்த்து நொதிக்க வைத்துவிட்டு, அந்த யூரியாவின் நைட்ரஜனையும் புரதக் கணக்கில் சேர்த்து அளந்து, புரதம் ஏறிவிட்டது என்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கோழிக்கும் பன்றிக்கும் நொதிக்க வைத்துக் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். தோலை நீக்குவதும் அவற்றுக்குத்தான் லாபம். ஆனால் இவரிடம் இருப்பது ஆடும் மாடும். அசைபோடும் பிராணியின் முதல் இரைப்பையே பெரிய நொதி டிரம்தானே? பைட்டேட்டை அங்கே இருக்கும் கிருமிகளே உடைத்துக்கொள்ளும். வெளியே இன்னொரு டிரம் எதற்கு?

மாட்டுக்காகச் செய்யும் பக்குவம் வேறு மாதிரி. முதல் இரைப்பையிலேயே புரதம் கரைந்துபோகாமல் சிறுகுடல்வரை போகட்டும் என்று அளவாகச் சூடேற்றுவார்கள், அல்லது மரக்கூழில் கிடைக்கும் லிக்னோசல்போனேட் சேர்ப்பார்கள். அதெல்லாம் முப்பது லிட்டர் கறக்கும் மாட்டுக்கு. லயத்து மாடு எவ்வளவு கறக்கிறது?

லயத்து ஆட்டுக்காரன்:
ஏழு லிட்டர். மழை பெய்தால் ஆறு. 🙈

பால்கார அக்கா:
உங்கள் சண்டையில் நான் ஒன்று சொல்கிறேன். நானும் வீடியோ பார்த்து டிரம் வைத்தவள்தான். நவம்பர் மழை, எங்கே பார்த்தாலும் ஈரம், மூடி சரியாக இறுகவில்லை. ஐந்தாம் நாள் திறந்தால் மேலே பச்சையும் மஞ்சளுமாகப் பூஞ்சை. மேலே உள்ளதை மட்டும் அள்ளிப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கொடு என்றார் அதைச் சொல்லிக்கொடுத்த ஆள். நான் கொடுக்கவில்லை, மொத்தத்தையும் செம்பனை அடியில் குழி தோண்டிப் புதைத்தேன். தம்பி சொன்ன அந்த நைகருக்குப் பங்காளி ஒருத்தன் இருக்கிறான், ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ், அவன் போடும் விஷம்தான் அஃப்ளடாக்சின். மாடு தின்றால் எம்1 என்று உருமாறிப் பாலில் இறங்கும், காய்ச்சினாலும் போகாது. என் பாலைக் குடிப்பது அக்கம் பக்கத்துப் பிள்ளைகள்.

செம்பனைத் தம்பி:
அக்கா, அது டிரம் செய்த தப்பு. காற்றுப் புகாமல் லாக்டோபேசில்லஸை வைத்துச் செய்திருந்தால் புளித்து நின்றிருக்கும், பூஞ்சை வந்திருக்காது.

பால்கார அக்கா:
இந்த ஊரில் மழைக்காலத்தில் காற்றுப் புகாத டிரம் எங்கே விற்கிறது, சொல்லுங்கள், இப்போதே வாங்குகிறேன்.

லயத்து ஆட்டுக்காரன்:
ஒரு நிமிடம். இப்போதுதான் மூட்டையைப் புரட்டிப் பார்த்தேன். இந்தியாவிலிருந்து வந்தது என்று போட்டிருக்கிறது. கனோலா என்ற சொல்லே எங்கும் இல்லை.

மில்லுக்காரன்:
அடடா. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா. சரி, நான் மேலே சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். இந்தியாவில் பெரும்பாலும் கடுகு இனம், எண்ணெய்க்காகவே போடுவது, அதில் குளுக்கோசினோலேட் 100க்கு மேல் இருப்பது சாதாரணம். ரேப்சீட் என்ற பெயரிலேயே இங்கேயும் வந்து இறங்குகிறது.

செம்பனைத் தம்பி:
அதைத்தானே நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

மில்லுக்காரன்:
நீ இந்தியா என்று எங்கே சொன்னாய்? போகட்டும். ஒரு சோதனை இருக்கிறது. மூட்டையில் உள்ள என்சைம் செத்திருக்கும், அதனால் வெறும் தண்ணீரில் கரைத்து முகர்ந்தால் மணக்காது, மணக்கவில்லை என்பதால் சுத்தம் என்று அர்த்தமும் இல்லை. இரண்டு கப் எடு. இரண்டிலும் வெதுவெதுப்பான தண்ணீர், சமையல் கடுகு கால் தேக்கரண்டி நுணுக்கியது. ஒன்றில் மட்டும் புண்ணாக்கு இரண்டு கரண்டி. மூடி வைத்து அரை மணி நேரம் கழித்துத் திற. பச்சைக் கடுகில் உயிரோடு இருக்கும் என்சைம் புண்ணாக்கில் மிச்சம் இருக்கும் குளுக்கோசினோலேட்டையும் உடைத்துக் கார நெடியாகக் காட்டும்.

செம்பனைத் தம்பி:
அப்படி இருந்தால் ஊறவைத்துத் தண்ணீரை வடித்துவிடலாமே, அது தண்ணீரில் கரையும் சரக்குதானே.

பால்கார அக்கா:
கரையும். கூடவே கரையும் புரதமும் போகும். அந்தத் தண்ணீரை லயத்து டிரெயினில் விட்டால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று உங்களுக்குத் தெரியாது. குறைவாகக் கொடுப்பதுதான் மலிவான பக்குவம். குட்டிக்கும் சினைக்கும் வேண்டாம். அயோடின் உள்ள உப்புக்கட்டி கட்டாயம் தொங்கவிடுங்கள், இந்தச் சரக்கு பாலில் வரும் அயோடினையும் குறைத்துவிடும்.

லயத்து ஆட்டுக்காரன்:
செய்து பார்த்தேன். கடுகு மட்டும் போட்ட கப்பில் லேசான காரம். புண்ணாக்குக் கப்பைத் திறந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்காரி இரண்டு கப்பையும் வெளியே தூக்கி வைத்துவிட்டாள், இனி சமையல் கடுகைத் தொட்டால் பார் என்கிறாள். பெரிய கிடாய்களுக்கு மட்டும் பி.கே.சி.யோடு பத்தில் ஒரு பங்கு கலக்கிறேன், மாட்டுக்கு இல்லை. பிரிக்காத மூட்டையை நாளை தவுக்கேயிடம் திருப்பித் தூக்கிப் போகிறேன், கனடாச் சரக்கு இருக்கிறதா என்றும் கேட்கிறேன்.

மில்லுக்காரன்:
வாயால் சொல்வதை நம்பாதே, மூட்டையைப் புரட்டிப் பார்த்து வாங்கு.