தீர்ப்பு தள்ளிக்கொண்டே போனால் யாரிடம் முறையிடுவது?

கேள்வி (மேலூர்): எங்கள் நிலவழக்கில் இருதரப்பு வாதங்களும் முடிந்து பல மாதங்களாகியும் தீர்ப்பு வரவில்லை, வாய்தா மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஊரார் கையெழுத்திட்டு நீதிபதியைப் பற்றிப் புகார் அனுப்பலாமா?

பதில் 1: உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20ஆம் கட்டளைப்படி, விசாரணை முடிந்த 30 நாட்களுக்குள், அசாதாரணச் சூழலிலும் பொதுவாக 60 நாட்களுக்குள் தீர்ப்புரைக்க வேண்டும் என்பதால், மதுரை ஒத்தக்கடை அருகே 2004 முதல் இயங்கும் உயர் நீதிமன்றக் கிளையில், கீழமை நீதிமன்றங்களை மேற்பார்வையிடும் அதிகாரம் தரும் அரசமைப்பின் 227ஆம் உறுப்பின்கீழ், விரைந்து முடிக்க உத்தரவு கோரி மனுச் செய்யுங்கள். வாதம் முடிந்த தேதியைக் காட்டும் வழக்குக் குறிப்பேட்டின் சான்றிட்ட நகல் அவசியம்.

பதில் 2: தாமதம் வேறு, லஞ்சத்துக்குக் கைநீட்டுவது வேறு. நடத்தை குறித்த புகாரெனில், கீழமை நீதிமன்றங்கள் 235ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால், அதன் கண்காணிப்புப் பிரிவுப் பதிவாளருக்குப் பிரமாணப் பத்திரத்துடனும் சரிபார்க்கத்தக்க ஆதாரத்துடனும் எழுத வேண்டும். மொட்டைக் கடுதாசியால் பயனில்லை. தீர்ப்பு பாதகமாக வந்தது என்பது மட்டும் புகாராகாது. அதற்கு மேல்முறையீடே வழி.

பதில் 3: ஊரார் கையெழுத்து மேல்மட்டத்திலும் எடுபடாது: உயர் நீதிமன்ற நீதிபதியை நீக்கும் தீர்மானத்திற்கு 1968ஆம் ஆண்டு நீதிபதிகள் (விசாரணை) சட்டப்படி மக்களவையில் 100 பேரோ மாநிலங்களவையில் 50 பேரோ கையொப்பமிட வேண்டும்; குடிமக்களுக்கு அங்கே நேரடி இடமில்லை. ஆகவே, புகார் என்னவாயிற்று என்பதைப் புகார்தாரருக்குக் காரணத்துடன் எழுத்தில் தெரிவிக்கும் கட்டாய விதியையாவது நாம் ஒன்றுசேர்ந்து விடாமல் கேட்க வேண்டும்.